மழை நாளில் ஒத்திகை
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் பேசியது)



நான் லோயர் கேம்ப்காரன். மலையிலிருந்து பவர் ஹவுஸுக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்து வளர்ந்தவன். மெஷினை நிறுத்தினாலும் பாசனத் தண்ணீர் நிற்காது; குமுளி மலைச்சாலையில் இரைச்சல் பாலம் வழியாகத் திருப்பிவிடுவார்கள். சின்ன வயசில் அது வெறும் வேடிக்கை. ஒன்று நின்றால் இன்னொரு வழி வேண்டும் என்ற அருமை, வெளியூரில் ஒரு ரசாயன ஆலைக்கு வேலைக்குப் போனபிறகுதான் புரிந்தது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கும். மணலியில் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. மீனவர்கள் அதை மக்கிலும் வாளியிலும் அள்ளினார்கள்.

சட்டம் இல்லாமலா? போபாலுக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் சட்டம், 1989-ல் அபாய ரசாயன விதிகள். அபாய ரசாயனம் அதிகம் வைத்திருக்கும் ஆலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை விபத்து ஒத்திகை நடத்தணும். நாங்களும் நடத்தினோம். நல்ல வெயில், காலை 11 மணி, முந்தின வாரமே சர்க்குலர். கரெண்ட் இருக்கும், போன் இருக்கும், ரோடு காய்ந்து கிடக்கும். முடிந்ததும் டீ, வடை, போட்டோ, கையெழுத்து. அதில் என் கையெழுத்தும் உண்டு.

பிறகு ஒரு கார்த்திகை ராத்திரி. அடுத்த ஷிப்டு ஆள் வரவில்லை. மழைநீர் பம்ப்பின் ஸ்விட்ச் போர்டு முழங்கால் தண்ணீரில். விடிவதற்குள் மழை விட்டது, பிழைத்தோம். ரிப்போர்ட்டில் அது ஏறவே இல்லை.

ஜப்பானில் விதிகளுக்குப் பஞ்சமா? 2011-ல் புகுஷிமாவில் நிலநடுக்கத்தால் வெளி மின்சாரம் போச்சு. கைகொடுக்க வேண்டிய டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கீழ்த்தளத்தில் இருந்ததால் சுனாமியில் மூழ்கின. 2004-ல் நம்ம கல்பாக்கத்திலும் பம்ப் ஹவுஸுக்குள் கடல்நீர் புகுந்தது. உலைக் கட்டிடம் மேட்டில் இருந்தது; ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள்.

கடுமையான சட்டம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அபராதத்தை மட்டும் ஏற்றினால், அதையும் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போவோம் (நாம் இன்ஜினியர்கள்தானே!). ஒத்திகையை ஐப்பசி, கார்த்திகையில், ராத்திரியில், கரெண்ட் இல்லை, பாதி ஆள்தான் என்று வைத்துக்கொண்டு நடத்தச் சொல்லணும். கால்வாய் ஓரத்து ஊர்க்காரர்களும் கூட நிற்கணும்.

தம்பி தங்கைகளே, வேலையில் சேர்ந்த முதல் வாரமே, மழைத்தண்ணீர் போகிற வாய்க்காலோடு கேட்டுக்கு வெளியே வரை நடந்து பாருங்கள். எங்கள் ஆலை வாய்க்கால் எந்த ஊர்க் கண்மாயில் போய்ச் சேருதுன்னு நான் மூணு வருஷம் கழிச்சுத்தான் போய்ப் பார்த்தேன்.