நரை அணிலும் நம் தீக்குச்சியும்

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வனவிலங்கு என்றவுடன் நம் நினைவு முதுமலைக்கும் முண்டந்துறைக்கும் ஓடுகிறது. ஆனால் நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புக் காட்டில், தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் காணாத ஓர் உயிர் வாழ்கிறது. அதுதான் நரை அணில். அதற்காகவே 1988-ஆம் ஆண்டில் 485 சதுர கிலோமீட்டர் மலைக்காடு சரணாலயமாயிற்று. 2021-இல் அக்காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆனது.

நரை அணில் நம் முற்றத்து அணிலைப் போன்றதன்று. ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. பெரும்பாலும் மரத்தின் மேலேயே காலம் கழிக்கும். பக்கத்து மரங்களின் கிளைகள் பின்னிக் கிடக்கும் உச்சியில் கூடு கட்டும். கழுகு பாய்ந்தால் கிளை விட்டுக் கிளை தாவித் தப்ப வேண்டுமல்லவா? நடுவே ஒரு மரம் போனாலும் அதன் பாதை அறுந்துவிடும். தரையில் இறங்கினால் நாய்க்கு இரையாகும்.

மரத்தை அழிப்பது கோடரி மட்டுமன்று. கோடைத் தீயும் அழிக்கிறது. பெரிய மரம் தப்பினாலும் கன்றுகள் கருகிவிடும். பிறகு கிழமரம் சாயும்போது அந்த இடத்தை நிரப்ப இளமரம் இராது.

தீப்பொறியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டுமா? ஒரு பொறியால் தாயையோ தகப்பனையோ இழந்த வீடுகள் நம் பகுதியில் எத்தனை! பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். மலையடிவாரத்தில் மட்டும் பீடியை அணைக்காமல் எறிவதும், அடுப்பு மூட்டிவிட்டு அப்படியே வருவதும் எப்படி? அந்தத் தீக்குச்சியும் நம் ஊரில் செய்ததாகத்தானே இருக்கும்!

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளாதிருக்கப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நம் சரக்கு விலைபோகாத ஊர்தான்! ஆயினும் அவர்களை வணங்குகிறோம். வெடி நம் பிழைப்பு. அதை விடச் சொல்லவில்லை. எந்த இடத்தில் தீ கூடாது என்பதை அறிந்தவர்கள் நாம் என்றே சொல்கிறோம்.

பிளவக்கல் அணைக்கு நீர் தருவதும் அந்த மலைதான். மழை குறைந்த நம் மாவட்டத்தில் அணிலின் காடு கருகினால் நம் வயலும் காயும்.

ஆகவே இப்பொன்விழா ஆண்டில் மூன்று உறுதி எடுப்போம்: மலைப்பக்கம் போனால் தீ மூட்டோம், பச்சை மரத்தை வெட்டோம், வீட்டு நாயைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லோம். செலவில்லாத இந்த மூன்றும் நம்மால் முடியும்.