கைப்பக்குவம்



தெஹிவளைக்கும் கொஹுவளைக்கும் இடையே அமைந்தது களுபோவில என்னும் எங்கள் ஊர். பெரியதொரு போதனா வைத்தியசாலை இங்கிருப்பதனால், ஊரின் பெயரைக் கேட்டதும் பலருக்கு நோயே நினைவுக்கு வரும். நோயாளரைப் பார்க்க வருவோர், இரவுக் கடமை முடிந்து திரும்பும் தாதியர், முச்சக்கர வண்டிச் சாரதிகள் ஆகியோர் பசியாறுவதற்கென்று சிறு சாப்பாட்டுக் கடைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று ஐந்தே மேசைகள் கொண்ட ஒரு சைவக் கடை. நெடுங்காலம் அங்கு நான் தேநீர் மாத்திரமே அருந்தி வந்தேன். சோற்றுப் பார்சலை நம்பி வாங்கும் துணிவு எனக்கு இருந்ததில்லை.

ஒரு நாள் மாலை, மழைக்கு ஒதுங்கிய வேளையில், வேறு வழியின்றி இடியப்பமும் சொதியும் கேட்டேன். சொதி எளிய பதார்த்தம் என்று நாம் எண்ணுகிறோம். அதைக் கெடுப்பதுதான் எளிது. வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்தயமும் இரண்டாம் பாலில் வேக வேண்டும். முதற்பால் கடைசியிலேதான் சேர வேண்டும். சேர்ந்த பின்னர் தீயைத் தணித்துத் துழாவிக்கொண்டே நிற்க வேண்டும். சற்றே பராக்காக இருந்தால் பால் திரைந்துவிடும். தேசிப்புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே விட வேண்டும். அன்று எனக்குக் கிடைத்த சொதியிலே இவை அனைத்தும் முறைப்படி நடந்திருந்தன. என் தாயார் காலமான பின்னர் அத்தகைய சொதியை நான் உண்டதில்லை.

எழுந்து சென்று அடுப்படியை எட்டிப் பார்த்தேன். அங்கே நின்றவன் என்னிடம் படித்த மாணவன். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், "சமையல் வேலை பழகப் போகிறேன், சேர்" என்று என்னிடம் வந்து சொன்னவன். "படிக்கக்கூடிய பிள்ளை, கரண்டி பிடிக்கவா போகிறாய்?" என்று அவனைக் கேட்டவன் நான்தான். அப்பொழுது அலுவலகத்தில் மற்றோர் ஆசிரியரும் இருந்தார், இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை அவன் மறந்திருப்பான் என்று நினைக்க எனக்கு ஆசை.

அதன் பின்னர் அக்கடைக்கு அடிக்கடி போனேன். 2022ஆம் ஆண்டு சமையல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது கொழும்பிலே எத்தனையோ சிறு கடைகள் கதவடைத்தன. இக்கடையில் பின்புறத்தே விறகடுப்பு மூட்டினார்கள். பத்துக்கு மேற்பட்டிருந்த கறிகளை நான்காகக் குறைத்தார்கள். அந்த யோசனை அவனுடையது. நான்கே ஆனமையால் நான்கிலும் கவனம் நின்றது. தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் அவன் பட்டியலை நீட்டவில்லை. மத்தியானத்தில் இப்பொழுது வாசலுக்கு வெளியே ஆட்கள் நிற்கிறார்கள்.

ஒரு நாள் அவனோடு பேசிக்கொண்டிருந்தபோது விஜய் குமார் என்ற பெயரைச் சொன்னான். தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பகுதியிலே, உழவர் குடும்பத்திற் பிறந்தவர் அவர். பொறியியல் படிக்க விரும்பினார். வீட்டிலே வசதி போதவில்லை. ஆகவே சமையற்கலை படிக்கப் போனார். நம் பெற்றோர் காதில் விழ வேண்டிய செய்தி இது. பொறியியலுக்கு அடுத்தபடியாக அன்று கிடைத்த அந்தப் படிப்பே அவரை உலகறியச் செய்தது. 2021இல் நியூயோர்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் 'செம்ம' என்னும் உணவகம் திறக்கப்பட்டபோது அதன் சமையற் பொறுப்பு அவரிடம் வந்தது. அடுத்த ஆண்டே மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025 ஜூன் மாதத்தில், நியூயோர்க் மாநிலத்தின் தலைசிறந்த சமையற்கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதைப் பெற, சிக்காகோ மேடையில் அவர் வேட்டி கட்டிக்கொண்டு ஏறினார்.

அவர் அங்கே சமைப்பது என்ன? நத்தைப் பிரட்டல், குடல் வறுவல், சீரகச் சம்பாப் பிரியாணி, தோசை. சிறு வயதில் வயலிலே பொறுக்கி வந்து உண்ட நத்தையைப் பற்றித் தோழர்களிடம் சொல்லக் கூச்சப்பட்டவர் அவர். ஏழைகளின் உணவென்று பிறர் இகழ்வார்களே என்ற கூச்சம். அதே நத்தையைப் பிரான்சு தேசத்தார் பெருவிருந்தாக மதிப்பதைப் பின்னாளிலே கண்டார். சைவ உணவினனாகிய நான் நத்தையின் சுவைக்குச் சாட்சி சொல்ல இயலாது. ஆயினும், பிறர்க்கு உவப்பானதைச் சமைக்காமல், தன் பாட்டி சமைத்ததைப் பழுதின்றிச் சமைக்கத் துணிந்தமையே அக்கடையை உயர்த்திற்று என்பது எனக்கு விளங்குகிறது. இன்னொன்றையும் கவனித்தேன். அக்கடையின் உரிமையாளர்கள் வேறு இருவர். அவர்கள் இவர் கையைக் கட்டவில்லை, புகழையும் பறிக்கவில்லை.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். இலங்கையிற் பிறந்த தர்ஷன் செல்வராஜா, பாரிஸ் நகரின் இருபதாம் வட்டாரத்தில் ஒரு சிறு வெதுப்பகம் நடத்துபவர். பிரெஞ்சுக்காரரின் மரபான நீள் பாணுக்கு அந்நாட்டில் 1993இலேயே ஆணை பிறப்பித்துவிட்டார்கள்: மா, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் பொருள், இவையே ஆதாரம், பிசைந்த மாவை உறையவைத்தல் ஆகாது. இத்தனை குறைந்த பொருள்களுக்குள்ளே பொய்ச் சுவை ஒளிந்துகொள்ள இடமேது? 2023இல் பாரிஸ் நகரசபை நடத்திய போட்டியிலே இவர் சுட்ட பாண் முதலிடம் பெற்றது. பரிசு 4,000 யூரோ. அத்துடன் ஓராண்டுக் காலம் சனாதிபதி மாளிகைக்குப் பாண் வழங்கும் பேறு.

கைப்பக்குவத்தின் பெருமையை நம் முன்னோர் அறியாதவரல்லர். நளன் உருமாறி, வாகுகன் என்ற பெயரோடு தேர்ப்பாகனாகவும் மடையனாகவும் ஒளிந்திருந்தபோது, அவன் சமைத்ததை வருவித்துச் சுவைத்தன்றோ தமயந்தி தன் கணவனென்று தேர்ந்தாள்! முகம் மாறியும் கை மாறவில்லை. மடைப்பள்ளியில் உழைப்பவனைக் குறித்த 'மடையன்' என்ற அச்சொல்லை இன்று நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதை வகுப்பறைகளின் பக்கம் நடந்து போனால் கேட்கலாம். நானும் பயன்படுத்தியிருக்கிறேன்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்முடைய சைவக் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். தெய்வத்தின் பெயர் இருக்கும். முதலாளியின் பெயர் இருக்கும். ஊரின் பெயரும் இருக்கும். அடுப்படியில் நிற்பவன் பெயரை எங்கும் கண்டதில்லை. பின்னொரு நாள், "அந்தக் கடையில் முன்னைய ருசி இல்லை" என்று ஊரார் பேசிக்கொள்வார்கள். விசாரித்தால், சமைத்தவன் கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விட்டான் என்று தெரியவரும். கடை அப்படியே இருக்கும். மேசையும் பலகையும் இருக்கும். உண்ண வருவோர்தாம் குறைவர்.

என் மாணவனும் கட்டாருக்கு விண்ணப்பிக்க இருக்கிறான். அதற்காக நற்சான்றுப் பத்திரம் ஒன்று வேண்டுமென்று சென்ற மாதம் பாடசாலைக்கு வந்தான். மறுநாளே முதலாளியும் வந்தார். "நீங்கள் ஒரு சொல் சொன்னால் நிற்பான், சேர்" என்றார். முன்னொரு நாள் நான் சொன்ன ஒரு சொல்லே எனக்குப் போதுமென்று நினைத்துக்கொண்டு, "அவனுக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவர் தொகையைச் சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

நற்சான்றுப் பத்திரத்தை எழுதிவிட்டேன். மாணவனின் ஒழுக்கம் பற்றி வழக்கமாக எழுதும் இரண்டு வரிகளோடு, சமையலில் அவனுக்குள்ள தேர்ச்சியைப் பற்றி மூன்று வரி கூடுதலாக எழுதினேன். முப்பது ஆண்டுக் கால ஆசிரியப் பணியில் ஒருவனுக்கு இப்படி எழுதியது இதுவே முதன்முறை. சம்பளம் கூடியிருப்பதாகக் கேள்வி. பத்திரம் கையொப்பத்துடன் என் மேசையில் இருக்கிறது. அவன் இன்னும் வந்து எடுத்துச் செல்லவில்லை.