வானொலியில் விதைத்த சொல்



சொல்லின் கொடுமையையும் அதன் கருணையையும் ஒருங்கே கண்ட நாடு ருவாண்டா. ஆபிரிக்காவிலுள்ள அந்நாட்டில் 1994 ஏப்ரல் 7 தொடக்கம் ஏறத்தாழ 100 நாட்களுள் 8 இலட்சம் பேர் வரையில் கொல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் துட்சி இனத்தவர்.

கத்திக்கு முன்னரே சொல் புறப்பட்டுவிட்டது. 1993 இல் தொடங்கிய ஆர்.ரி.எல்.எம். வானொலி, அவர்களைக் 'கரப்பான் பூச்சிகள்' என்று ஏசியது. அச்சொல்லுக்குப் பழகிய செவிகளில் அயலவனின் அழுகுரல் மனிதக் குரலாக ஒலிக்கவில்லை. அவ்வானொலியின் நிறுவுநருள் ஒருவரை, கொலைக்குத் தூண்டிய குற்றத்துக்காகவும் சர்வதேச நீதிமன்றம் 2003 இல் தண்டித்தது. இன அழிப்புக்குத் தூண்டுவதும் குற்றமே என 1948 ஆம் ஆண்டின் உடன்படிக்கை ஏற்கெனவே கூறியிருந்தது.

ஆயினும், தப்பிப் பிழைத்தோரும் அவர்தம் உறவினரைக் கொன்றோரும் ஒரே ஊரில் வாழவேண்டியிருந்தது. 2004 இல் வானொலியிலேயே 'முசேகெவேயா' என்னும் தொடர்நாடகம் ஆரம்பமாயிற்று. 'புதிய விடியல்' என்பது அதன் பொருள். பகை மூண்ட இரு கற்பனைக் கிராமங்களின் கதை அது. நேரிற் பேச நாவெழாதவற்றைப் பாத்திரங்கள் பேசின. மக்கள் கூடியிருந்து கேட்டனர்.

நாடகம் மாண்டோரை மீட்டுத் தராது. நீதிக்கும் அது ஈடாகாது. ஆனால் மௌனத்துள் புழுங்கிய துயருக்கு அது ஒரு மொழியைத் தந்தது.

நேயர்களே, மாண்டோரை நினைவுகூர்தல் அவர்களை மனிதராக மீளவும் அழைப்பதாகும். மனிதரைப் பூச்சியென்னும் முதற் சொல் நம் செவியில் விழும்போதே அதை மறுத்துரைப்பது, இனியொரு அழிவைத் தடுக்கும் முதற் காவல். சொல்லைப் பேணும் இலக்கிய அன்பருக்கு அக்கடமை இருமடங்கு.