தொலைவில் நின்ற சேவல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்துவடிவம்)



மேற்கு ஆபிரிக்காவிலே, இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில், பெனின் என்றொரு பழைய இராச்சியம் உண்டு. அயலில் அதே பெயரோடு விளங்கும் குடியரசு வேறு. நான் கூறுவது எடோ மக்களின் பெனின் நகரத்தை. எடோ மொழியில் 'நினைவுகூர்' என்ற கருத்தில் வழங்கும் ஒரு சொல்லுக்கு, 'உருவத்தை உலோகத்தில் வார்' என்பதே நேர்ப்பொருள் என்பர் அறிந்தோர். நாம் நினைவை நெஞ்சில் எழுதுகிறோம். அவர்கள் பித்தளையில் வார்த்தார்கள். இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு ஓர் உலோகச் சேவலின் கதையைக் கேளுங்கள்.

பெனின் அரசரை 'ஓபா' என்று அழைப்பர். ஓபா மறைந்தால், அடுத்து அரியணை ஏறும் மகன் தந்தைக்கு ஒரு பீடம் அமைத்து, அதில் வார்ப்புத் தலைகளை வைத்துப் போற்றுவார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட எசிகி என்ற ஓபா, தம் தாய் இடியாவுக்காக அரச அன்னை என்ற பதவியை உண்டாக்கினார். அத்தகைய அன்னையரின் பீடங்களுக்கு உரியவையே இந்தச் சேவல்கள்.

இவற்றை வார்த்தவர்கள், நம்மூர்க் கன்னாரைப் போலப் பரம்பரையாகத் தொழில் செய்யும் இகுன் தெருக் கைவினைஞர்கள். களிமண் கருவின்மேல் மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சூடாக்கி, மெழுகு உருகி வடிந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். நமது கோயில் விக்கிரகங்களும் மெழுகில் உருவம் செய்து வார்க்கப்பட்டவைதாம். உலகம் 'பெனின் வெண்கலங்கள்' என்று அழைத்தாலும், அவற்றுட் பெரும்பாலானவை பித்தளையே.

1897 ஜனவரியிலே, பிலிப்ஸ் என்ற பிரித்தானிய அதிகாரி ஒரு குழுவுடன் பெனினுக்குப் புறப்பட்டார். அரசவிழா நடைபெறுகிறது, இப்போது வரவேண்டாம் என்று சொல்லப்பட்டும் அவர் நிற்கவில்லை. வழியில் குழு தாக்கப்பட்டது; பிலிப்சும் பெரும்பாலானோரும் மாண்டார்கள். அடுத்த மாதமே பிரித்தானியப் படை நகரைக் கைப்பற்றியது. அரண்மனை எரிந்தது. ஆயிரக்கணக்கான வார்ப்புகளும் தந்தச் சிற்பங்களும் கப்பலேறின. ஓபா ஒவொன்ரம்வென் கலபார் என்ற ஊருக்கு நாடுகடத்தப்பட்டு, 1914இல் அங்கேயே இறந்தார்.

அந்தக் கொள்ளையில் போன சேவல்களுள் ஒன்று கேம்பிறிட்ஜ் நகரின் ஜீசஸ் கல்லூரியை அடைந்தது. 1905இல் அதனைக் கொடுத்தவர் ஒரு மாணவரின் தந்தை. கல்லூரியை 1496இல் நிறுவிய ஆயரின் பெயர் ஜோன் அல்கொக். 'கொக்' என்றால் ஆங்கிலத்தில் சேவல் அல்லவா? கல்லூரியின் இலச்சினையிலும் சேவல் தலைகள் உள்ளன. ஆகவே இது பொருத்தமான பரிசென்று கொள்ளப்பட்டு, உணவு மண்டபத்தில் வைக்கப்பட்டது. ஓர் அன்னையின் பீடத்துக்குரிய பொருள் ஒரு சொற்சிலேடைக்கு விளக்கமாக நின்றது! கொள்ளையிலே பொருள் மட்டுமா போகிறது? அதன் அர்த்தமும் அல்லவா போய்விடுகிறது!

2016இல் அக்கல்லூரி மாணவர்களே சேவலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். சேவல் மண்டபத்திலிருந்து அகற்றப்பட்டது. 2021 ஒக்டோபர் 27ஆந் திகதி அது நைஜீரியாவிடம் கையளிக்கப்பட்டது. மறுநாள் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகம், தான் 1957இல் ஏலத்தில் வாங்கிய ஓபா தலையொன்றைக் கொடுத்தது. இரண்டும் 2022 பெப்ரவரியில் பெனின் அரண்மனையைச் சென்றடைந்தன. ஜேர்மனியும் அதே ஆண்டில் இருபது பொருள்களை ஒப்படைத்தது.

எல்லோரும் கொடுத்துவிடவில்லை. பிரித்தானிய நூதனசாலையில் பெனின் பொருள்கள் ஏறத்தாழ 900 உள்ளன. 1963ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பது அவர்களின் விடை. 'நாம் பாதுகாத்தபடியால் அல்லவா இவை மிஞ்சின' என்று வாதிப்போரும் உளர். பாதுகாத்தது உண்மைதான். ஆனால், வீட்டை எரித்தவனே எஞ்சிய பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தேன் என்று சொன்னால், பெட்டி அவனுடையதாகிவிடுமா?

இதைவிடக் கடினமான கேள்வியொன்று உண்டு. வார்ப்புக்குரிய உலோகத்தின் பெரும்பகுதி, ஐரோப்பியர் கொண்டுவந்த பித்தளை வளையங்களிலிருந்து கிடைத்தது. மிளகுக்கும் தந்தத்துக்கும் மட்டுமன்றி, அடிமைகளுக்கும் விலையாகக் கொடுக்கப்பட்டவை அவ்வளையங்கள். 'விற்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கும் இதில் உரிமையில்லையா?' என்று அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்களுட் சிலர் கேட்கிறார்கள். 2023இல் நைஜீரிய சனாதிபதி, திரும்பிவரும் பொருள்களின் உரித்தாளர் ஓபாவே என்று பிரகடனம் செய்தார். அதனால் அந்தக் கேள்வி ஓய்ந்துவிடவில்லை.

இக்கேள்வியைத் திருப்பிக் கொடாமைக்குச் சாக்காகக் கொள்வது தகாது என்பதே என் எண்ணம். ஆனால் அதை மறைப்பதும் தகாது. வார்த்தல் என்பது நினைவுகூர்தல் என்றால், வீடு திரும்பவேண்டியது முழு நினைவுமாகும்: அன்னைக்குச் செய்த சிறப்பும், விற்கப்பட்டோரின் துயரும், எரிந்த அரண்மனையும். கண்ணாடிப் பேழைக்கு வெளியே, அந்த மக்களின் நடுவே வைத்தால்தான் இவற்றைப் பேசி வழக்குத் தீர்க்க முடியும்.

இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்ட அரச பீரங்கி, அம்ஸ்ரடாம் நூதனசாலையிலிருந்து 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தது. அதன் எதிரே நிற்பவர்கள் வேலைப்பாட்டை வியப்பதோடு நின்றுவிடாமல், அது எப்படிப் போனது, யார் இழந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். திரும்பிவந்த பொருளுக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை அதுதான்.