வெயில் வெளுக்கும் சுவர்

வெள்ளை வர்ணங்களில் சாதாரணமாகத் தூளாய்க் கலக்கப்படும் டைட்டானியம் டையாக்ஸைடின் படிகமொன்றை நீரில் அமிழ்த்தி ஒளியைப் பாய்ச்சியபோது, அதன் மேற்பரப்பினின்று பிராணவாயுக் குமிழிகள் எழுவதை டோக்கியோ சர்வகலாசாலை மாணவர் அகிரா புஜிஷிமா 1967-இல் கண்டு, தம் ஆசிரியர் ஹோண்டாவுடன் 1972-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் பிரசுரித்தார். சூரியனின் புறஊதாக் கிரணம் பட்டதும் இப்பொருளில் எலெக்ட்ரான்கள் பெயர்ந்து, காற்றின் ஈரத்திலிருந்து உக்கிரமான அணுக்கூட்டங்கள் பிறந்து, படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் கிருமிகளையும் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடுகின்றன. தூளோ, கிரியா ஊக்கியாதலால், அணுவளவும் செலவாவதில்லை. எத்தனை சிக்கனமான சலவைக்காரன்! ரோமாபுரியில் 2003-இல் திறக்கப்பட்ட ஜூபிலி தேவாலயத்தின் வெண்சுவர்களில் இத்தூள் கலந்த சிமெண்டையே உபயோகித்தார்கள். ஆனால் வெயிலில் புறஊதாக் கிரணத்தின் பங்கு சொற்பமே. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலைசெய்யும் பொருள்களை விஞ்ஞானிகள் இப்போது தேடுகிறார்கள்.