திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம்



தாராசுரத்துப் பட்டுத் தறிகளைப் பார்த்தவர்களுக்கு மயில்கழுத்து நிறம் தெரியும். பாவு நீலம், ஊடை பச்சை. புடவையை அசைத்தால் நிறம் மாறும். அதைப் படம் எடுத்தால் கம்ப்யூட்டரில் ஒரு நிறம், அச்சிட்ட கேட்லாக்கில் வேறு நிறம். "படத்துல பாத்த கலர் இல்லியே"ன்னு புடவை திரும்பி வந்தால், நஷ்டம் கடைசியில் நெய்தவர் தலையில்தான்.

ஏன் இப்படி? திரை ஒளியைத் தருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் கூடினால் வெள்ளை. மை ஒளியை விழுங்குகிறது. சயான், மஜந்தா, மஞ்சள் கலந்தால் கருமையை நெருங்கும். அதனால்தான் நாலாவதாகக் கறுப்பு மை. திரையில் பளிச்சிடும் கிளிப்பச்சையை இந்த நாலு மையால் எட்டவே முடியாது.

1931-இல் சி.ஐ.இ. என்னும் சர்வதேச அமைப்பு நிறத்தை எண்களால் குறிக்க வழி செய்தது. 1993-இல் உருவான ஐ.சி.சி. ஒவ்வொரு கருவிக்கும் நிற 'புரொஃபைல்' எழுதும் முறையைத் தந்தது. மானிட்டரை அளந்து சரிசெய்து, அச்சகத்தின் புரொஃபைலைப் போட்டுப் பார்த்தால், தாளில் என்ன வரும்னு முன்னாடியே ஏறக்குறையத் தெரிந்துவிடும். புரூஃபை 5000 கெல்வின் விளக்கில் பாருங்கள். அறையில் எரியும் ஏதோ ஒரு விளக்கில் பார்த்து ஓ.கே. சொல்லாதீர்கள்.

இத்தனை செய்தாலும் மயில்கழுத்து படத்துக்குள் அடங்காது. படம் காட்டுவது ஒரு கோணத்தை மட்டும்தான். எனவே கேட்லாக்கோடு பாவு நூலிலும் ஊடை நூலிலும் ஒவ்வொரு துண்டு வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வாங்குபவருக்கும் நெய்பவருக்கும் அதுவே சாட்சி.