வாய்திறந்து கூப்பிட
இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. எஞ்சின் தேய்ந்தாலும் அதைக் கைவிட மனமில்லாதவர்கள் நண்பர்களின் துணையோடு வீட்டுக் கொட்டகையிலேயே வேறு எஞ்சின் மாற்றுகிறார்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் சேர்ந்தே வெளியே வரும். ஒருவர் கிரேனை உயர்த்துவார். ஒருவர் குனிந்து பின்முனையைச் சாய்த்துக் கொடுப்பார். இன்னொருவர், "நில்லுங்க, வயர் மாட்டுது" என்பார். உயர்த்துபவருக்கு அடிப்பக்கம் தெரியாது. நண்பர் குரலை நம்பித்தான் கை அசையும். முடக்குவாதமுற்றவரைக் கூரை வழியே இறக்கிய நால்வரும் இப்படித்தான் குரல் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் முதலில் காருக்குரியவர் வாய்திறந்து கூப்பிட வேண்டுமே! நமக்கோ உதவி செய்வதில் தயக்கமில்லை, கேட்பதில்தான் கூச்சம். ஸ்கேன் எடுக்கப் போகிற நாளில்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லாமல் தனியாகப் பேருந்து ஏறுகிறோம்.